தேடுபெட்டிக்குள் யாருடைய சொல்?

கணினிக்கு ஏது சாதி என்று கேட்கிறார்கள். காணொளிக் காப்பகம் ஒன்றின் தேடுபெட்டியில் நம்ம சொல் ஒன்றைத் தட்டிப் பார்க்கட்டும், தெரியும்.

நாம் தேடும்போது கணினி பெரும்பாலும் படத்தைப் புரட்டுவதில்லை. படத்தோடு யாரோ எழுதிவைத்த தலைப்பையும் குறிப்பையும்தான் புரட்டுகிறது. அந்த யாரோ யார்?

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து தலித் வீடுகளை அடித்து நொறுக்கியது. 'சாதிக் கலவரம்' என்று கணக்கு எழுதினார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைத் தடியால் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டினார்கள். 17 பேர் செத்தார்கள். 'நீரில் மூழ்கினர்' என்றது அதிகாரம். அந்தச் சொல்லை மறுக்கத்தானே ஆர்.ஆர். சீனிவாசன் 'ஒரு நதியின் மரணம்' எடுத்தார்? அப்படிப்பட்ட படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர் 'மோதல்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் போதும். குருவிகுளத்தில் நம்ம பிள்ளை ஒருத்தி 'ஆத்துக்குள்ள வெரட்டுனது' என்று தட்டினால் ஒன்றும் வராது. சாட்சி இருக்கு, கைக்கு எட்டாது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரிதான்.

வழி இல்லாமல் இல்லை. 2008இல் மும்பையிலும் பெங்களூரிலும் பெர்லினிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து தொடங்கிய 'பேட்.மா' காப்பகத்தில், படம் ஓடும் நொடிகளோடு பேச்சும் குறிப்பும் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல்லைத் தேடினால் அது பேசப்பட்ட இடத்துக்கே போகலாம். எடுத்தவர் தவிர மற்றவர்களும் குறிப்பு எழுதலாம். ஆனால் அங்கேயும் ஆங்கிலம்தான் மேலோங்கி நிற்கிறது.

நமக்கு வேண்டியது என்ன? சாட்சி சொன்னவரின் பேச்சை அவர் பேசினபடியே எழுதணும். 'தொரத்துனாக' என்பதைத் 'துரத்தினார்கள்' என்று திருத்தக் கூடாது. இரண்டு சொல்லில் எதைத் தட்டினாலும் அந்தக் காட்சி வரணும். 'கலவரம்' என்ற சொல்லும் இருக்கட்டும், அதைச் சொன்னது யார் என்ற விவரத்தோடு. சாட்சி தன் முகத்தை மறைக்கச் சொன்னால் மறைக்கணும், எடுக்கச் சொன்னால் எடுக்கணும். ஏன்னா தேடுகிறவனெல்லாம் நம்மாள் இல்லை. முகத்தை வைத்து ஆளைத் தேடும் கருவி போலீஸ் கையில் வந்தாச்சு.

இதையெல்லாம் பொறியாளர்கள் 'வடிவமைப்பு' என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்ததும் ஒரு வடிவமைப்புதான்யா. காமிரா நம்ம கைக்கு வந்துட்டது. அட்டவணை எழுதுகிற பேனா இன்னும் வரலை. அதையும் வாங்கணும்.