பூட்டிருந்தும் திறந்து கிடந்த கதவு

2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 95 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. இதற்குப் பெரும் தொழில்நுட்பத் திறன் தேவைப்படவில்லை என்று அந்நாட்டுத் தொடர்பு, ஊடக ஒழுங்காற்று ஆணையம் நீதிமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. 2018-இல் நேர்ந்த நிரல் பிழை, அணுகல் கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. 2021-இல் முதன்மைத் தளத்தில் அப்பிழை திருத்தப்பட்டது; பயன்பாட்டில் இல்லாத மற்றொரு தளத்தில் அது அப்படியே நீடித்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு.

அடையாளச் சோதனையை வழங்கி பார்த்துக்கொள்ளும் என மென்பொருளும், மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என வழங்கியும் விட்டுவிடும் இடத்தில்தான் திருடன் நுழைகிறான். வெளிப்படையாக அனுமதிக்கப்படாத அனைத்தும் தடுக்கப்பட்டவையே என்பது அடிப்படை அமைப்பாக வேண்டும். பயன்படாத வாயில்கள் மூடப்பட வேண்டும்.

அந்நிகழ்வுக்குப் பின் ஆஸ்திரேலியா அபராத உச்சவரம்பைப் பன்மடங்கு உயர்த்தியது சரியே. ஆயினும், பறிபோன விவரங்களை எந்த அபராதமும் மீட்டுத் தராது.