தலைவலிக்கும் ஒரு டைம் டேபிள் உண்டு!

பரீட்சை நெருங்கும் சமயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் புலம்பல் என் காதில் விழுகிறது: "புஸ்தகத்தை எடுத்தாலே இவளுக்குத் தலைவலி வந்துடுது அக்கா!"

உடனே நாம் செய்வது இரண்டில் ஒன்று. "எல்லாம் படிக்காம இருக்கச் சாக்கு" என்று அதட்டுவோம். இல்லையா, அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவோம். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, சகோதரிகளே: "எத்தனை மணிக்குக் கண்ணு வலி ஆரம்பிச்சுது?"

காலை 11 மணி வாக்கில் வருகிற வலியா? பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அரை டம்ளர் காப்பியோடு ஓடும் பிள்ளைக்கு, முந்தின ராத்திரிச் சாப்பாடுதான் கடைசி. பதினாலு மணி நேரப் பட்டினி! தலை வலிக்காமல் என்ன செய்யும்? இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமும் பாலுமோ உள்ளே போகட்டும்.

சாயந்திரம் வீடு திரும்பும்போதே வலியா? தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் பெண்ணுக்குத் தினமும் 4 மணிக்குத் தலைவலி. கண்ணைக் காட்டினார்கள், தைலம் தேய்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. நான் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது. "ஏம்மா குடிக்கலை?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "குடிச்சா பாத்ரூம் போகணும் அத்தை. அங்கே கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது."

இதற்கு எந்த மாத்திரையைக் கொடுப்பது, சொல்லுங்கள்! நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து போய்ப் பள்ளியில் பேசினார்கள். தாழ்ப்பாள் வந்தது, பாட்டில் காலியாகத் தொடங்கியது, வலியும் குறைந்தது. உங்கள் பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டாள்.

ராத்திரி படிக்கும்போது வலியா? கரும்பலகை எழுத்து தெரிகிறதா என்று விசாரித்து, கண் டாக்டரிடம் காட்டுங்கள். செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ படித்தால், 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கட்டும். கழுத்தைக் குனிந்தபடியே உட்காராமல் எழுந்து நடக்கட்டும். 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். கண் விழித்துப் படிக்க டீ போட்டுக் கொடுப்பதைவிட, விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்வது மேல். இன்னொன்று: இரட்டைப் பின்னலை இறுக்கிக் கட்டினாலும் தலை வலிக்கும். சற்றுத் தளர்த்திப் பாருங்களேன்.

குமட்டலும் வாந்தியுமாக, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் விட்டு விட்டு வந்தால், அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு இது நெற்றி முழுவதுமே வலிக்கும். பெரும்பாலும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ இருந்திருக்கும். சில பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வரும். இருட்டறையில் படுக்க வைத்து, நெற்றியில் ஈரத்துணி போடுங்கள். நல்ல தூக்கமே பாதி மருந்து.

மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதை. பெரியவர்கள் மாத்திரையைக் குத்துமதிப்பாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். பாரசிட்டமால்கூட எடைக்குத் தக்கபடி டாக்டர் சொல்லும் அளவுதான். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாமாக ஆஸ்பிரின் தரவே கூடாது. வலி மாத்திரையை அடிக்கடி விழுங்கினால், அதுவே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள்.

விடியற்காலையில் வலியால் விழித்து வாந்தி எடுத்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், தலையில் அடிபட்ட பிறகு வலித்தாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும், கை கால் துவண்டாலும், பேச்சு குழறினாலும், இதுவரை இல்லாத கடுமையில் திடீரென்று தாக்கினாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.

மற்றபடி, பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். வலி வந்த நாள், மணி, சாப்பிட்டது, குடித்த தண்ணீர், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் உங்கள் வீட்டுத் தலைவலியின் டைம் டேபிள் தெரிந்துவிடும். டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.