தாழ்ப்பாளும் தலைமைப் பண்பும்

மே 12 வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். மெழுகுவத்தி, உறுதிமொழி, கேக். அப்புறம் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிப்பார்: "சிஸ்டர்ஸ், உங்க ஒவ்வொருத்தருக்குள்ளும் ஒரு தலைவி உறங்குறா. நல்ல வழிகாட்டி கிடைச்சாப் போதும், எழுந்துடுவா." இருபத்தெட்டு ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஏறக்குறைய அத்தனை மே மாதமும் இந்தத் தாலாட்டுத்தான். சர்வதேச செவிலியர் மன்றமும் தன் பங்குக்கு 'வழிநடத்தும் குரல்' என்பதையே வருடக்கணக்கில் அந்த நாளின் முழக்கமாக வைத்திருந்தது. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி மெமோ வராது. பதில் சொல்லலாம்.

முதல் வாதம்: தாய் சேய் நலச் செவிலியருக்குத் தலைமைப் பண்பு போதவில்லையாம்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அதற்கு ஒரே ஒரு செவிலியர். ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே போன மருமகளை, "எனக்கு ஆறும் வீட்லதான் பொறந்துச்சு" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுப்பார் மாமியார். அவரோடு திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசி, கடைசியில் அந்த மாமியாரையே துணைக்கு ஏற்றி 108-இல் அனுப்பிவைப்பதற்கு என்ன பெயர்? தையல் வேலையா? 2001–03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20இல் அது 54. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் குறைத்த எண்ணிக்கை இது.

இரண்டாவது: மூத்தவர் இளையவருக்கு வழிகாட்டுவது புதிய மருந்து.

நான் பார்த்த முதல் பிரசவத்தில் என் கைமேல் தன் கையை வைத்து, "அவசரப்படாதடி, தலை மெல்ல வரட்டும்" என்று சொன்ன பெரிய சிஸ்டருக்கு 'மென்டார்' என்ற பட்டம் தெரியாது. சான்றிதழும் தரவில்லை.

மூன்றாவது: பீகாரிலும் கர்நாடகத்திலும் செவிலிய வழிகாட்டிகளை அனுப்பிப் பலன் கண்டார்களே?

கண்டார்கள். உதிரப்போக்கை நிறுத்தவும், மூச்சு விடாத சிசுவை மீட்கவும் கைப்பழக்கம் ஏற்றினார்கள். அது தொழில் திறமை. நாம் பேசுவது வேறு சங்கதி. அடுத்தது.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது: பண்பு வளர்ந்தால் பதவி தானாக வரும்.

வரும், வரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் செவிலியர் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி உலகச் செவிலியரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். தேசிய அளவில் செவிலியருக்கான தலைமைப் பதவி உண்டு என்றவை, பதில் தந்த 115 நாடுகளில் 82. மீதி 33 நாடுகளில் பண்பை எவ்வளவு வளர்த்திருந்தாலும் அன்றைக்கு உட்கார நாற்காலியே இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரில் ஒரு தாய் இறந்தால் தணிக்கை நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்து நிற்பவர் யார்? "ஹை ரிஸ்க்னு பிக்மியில ஏத்துனீங்களா? எத்தனை விசிட் போனீங்க?" பிக்மி என்பது கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளம். ஏற்றினேன், போனேன். அனுப்பிவைத்த இடத்தில் ரத்தம் ஏன் இல்லை, மயக்க மருத்துவர் ஏன் இல்லை என்று நான் திருப்பிக் கேட்க முடியுமா? கணக்குச் சொல்வது கீழே, கணக்குக் கேட்பது மேலே. நடுவில் என் பண்பை வளர்த்து என்ன செய்வது, தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றவா?

சரி, உறங்கும் தலைவி ஒருநாள் எழுந்தே விட்டாள், அப்போது என்ன நடந்தது? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. கெடு தாண்டியது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு யார் தலைமைப் பயிற்சி வகுப்பு எடுத்தார்கள்? எந்தச் சிறப்பு விருந்தினரும் அங்கே கேக் வெட்ட வந்ததாக நினைவில்லை. மே மாதத்தில் தலைவி, நவம்பரில் தலைவலி.

எனக்கும் ஒருமுறை அந்தப் பயிற்சி வாய்த்தது. வழிகாட்டியாக வந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பிரசவ அறைக்குள் கால் வைத்தவரில்லை. "உங்க அஞ்சு வருஷ இலக்கை எழுதுங்க மேடம்" என்றார். துணை நிலையக் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள் என்று எழுதினேன். "பெரிசா கனவு காணுங்க மேடம்" என்றார். பரிசோதனைக்கு வரும் எட்டு மாதக் கர்ப்பிணி ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்காருவதை அவர் பார்த்ததில்லை.

அப்போது துணை நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் 'அன்டைட் ஃபண்ட்' இருந்தது. பெயர்தான் கட்டில்லா நிதி. செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கியில் முடிச்சு அவிழும். தலைவர் மகள் கல்யாண வேலையில் இருந்தார். மூன்று நடை நடந்தேன். நான்காவது நாள் தாழ்ப்பாளை என் காசில் வாங்கி மாட்டினேன். 85 ரூபாய், ஆசாரி கூலி தனி.

வழிகாட்டியே தீருவேன் என்பவர்கள் தாராளமாகக் காட்டட்டும்: 85 ரூபாய்க்கு என் ஒற்றைக் கையெழுத்து செல்லுபடியாகும் ஊருக்கு வழி எது?