மண்ணில் ஓடும் சிறு ரதம்

ரேடியோவினால் ஓட்டப்படும் பந்தய வண்டியைக் கண்டதும் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "ஒரு பொம்மைக்கு இத்தனை பணமா?" என்பதாகும். கேள்வி நியாயமானதே. ஆனால், வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும்போது அதைக் கேட்கிறார்களேயன்றி, மேஜைமேல் கழற்றி வைத்திருக்கும்போது யாரும் கேட்பதில்லை. கழற்றிய வண்டியில் பொம்மையின் லட்சணம் மருந்துக்கும் இராது. எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்ஸார்பர்கள் நான்கு, நுண்ணிய பேரிங்குகள் ஒரு பிடி, பற்சக்கரங்கள், டிஃபரென்ஷியல், கிளச்சு எனப் பெரிய மோட்டாரில் உள்ளவை பலவும் பத்தில் ஒரு பங்கு அளவில் இங்கே அமைந்திருக்கின்றன. மொத்த எடை சுமார் 1½ கிலோ. இதை வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்துக் காப்பாற்றுவதுதான் வித்தை. அந்த வித்தையைப் பற்றி இந்த வாரம் சிறிது பேசுவோம்.

முதலில் குல வரலாறு. கம்பியின்றி ஒரு யந்திரத்தைத் தூரத்திலிருந்து நடத்தலாம் என்று 1898-ல் நியூயார்க் நகரத்தில் ஒரு சிறு படகை வைத்துக் காட்டியவர் நிகோலா டெஸ்லா. 'பக்கி' என்ற பெயரோ கலிபோர்னியாவின் கடற்கரை மணலிலிருந்து வந்தது. புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964-ல் வோக்ஸ்வாகன் காரின் பாகங்களைக் கண்ணாடி நார் உடலில் பொருத்தி 'மேயர்ஸ் மாங்க்ஸ்' என்னும் மணல் வண்டியைச் செய்தார். ஜப்பானில் ஷிஜுவோகா நகரத்துத் தமியா கம்பெனியார் 1976-ல் முதல் ரேடியோ காரையும், 1979-ல் அந்த மணல் வண்டிகளின் சாயலில் சிறு பக்கிகளையும் வெளியிட்டார்கள். 1984-ல் கலிபோர்னியாவில் டீம் அசோஸியேட்டட் என்ற கம்பெனியார் 'ஆர்.சி.10' என்ற வண்டியைக் கொண்டுவந்தனர். அலுமினியத் தொட்டி போன்ற அடிப்பாகமும் எண்ணெய் நிரப்பிய நீண்ட ஷாக்குகளும் கொண்ட அது, பந்தயத்துக்கென்றே பிறந்தது. மறு வருஷம், 1985-ல், அதே மாகாணத்தின் டெல் மார் ஊரில் இவ்வகை மின்சாரப் பக்கிகளின் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் பிரிவில் வென்றது ஆர்.சி.10 தான்.

நிற்க. வண்டியைச் சீர்ப்படுத்தும் முறைக்கு வருமுன், வீட்டைக் காப்பாற்றும் முறையைச் சொல்லிவிட வேண்டும். இவ்வண்டிகளுக்கு இப்போது பெரும்பாலும் லிதியம் பாலிமர் பாட்டரியே உபயோகமாகிறது. ஸெல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்குமேல் ஏற்றலாகாது; 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடலாகாது. 5000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரிக்கு 5 ஆம்பியர் வீதம் மின்சாரம் ஏற்றுவது நிதானமான அளவு. இதற்கென்று செய்த சார்ஜரைத் தவிர வேறொன்றைத் தொடவே கூடாது. ஏற்றும்போது ஓர் ஆள் அருகில் இருக்க வேண்டும். பாட்டரியைத் தீப்பிடிக்காத பையிலோ, சிமெண்டுத் தரையிலோ வைக்க வேண்டும். இரவில் சார்ஜரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போவது, அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியூர் போவதற்குச் சமானம். ஒரு வாரம் சும்மா இருக்கப் போகிறதென்றால், ஸெல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைப்பது நலம். வயிறு உப்பிய பாட்டரியிடம் தாட்சண்யமே கூடாது. அதற்குச் செலவழித்த பணத்தை மறந்துவிட்டு, மீண்டும் உபயோகிக்காமல் முறைப்படி அப்புறப்படுத்த வேண்டியதுதான். பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் தகப்பனார் இந்த ஒரு பாராவை மட்டும் படித்தாலும் நமக்குத் திருப்தியே.

இதைப் போன்றதே சுவிட்சு போடும் வரிசையும். முதலில் கையிலுள்ள கருவி, பிறகு வண்டி. நிறுத்தும்போது முதலில் வண்டி, பிறகு கருவி. வரிசை தவறினால், யஜமானன் குரல் கேட்காத வண்டி தறிகெட்டு ஓடக்கூடும். அந்தக் காலத்து 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒருவர் அலைவரிசையில் மற்றொருவர் புகுந்துவிடுவார். ஆகவே பந்தயத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் படிகம் கொடுப்பது வழக்கம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் அந்தத் தொல்லை அநேகமாக ஒழிந்தது. சுவிட்சு வரிசை மட்டும் ஒழியவில்லை.

இனி, பூட்டும் முறை. இரும்பு இரும்போடு சேரும் திருகாணிக்கு ஒரு சொட்டுத் திருகுப்பசை இட வேண்டும். இல்லையேல் ஐந்து நிமிஷ ஓட்டத்தின் நடுக்கமே அதைக் கழற்றிவிடும். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகாணியை முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். மோட்டாரின் சிறு பற்சக்கரமும் அதை அடுத்த பெரிய பற்சக்கரமும் பொருந்துமிடத்தில் மெல்லிய காகிதத் துண்டொன்றை வைத்து நெருக்கி, ஆணியை இறுக்கி, காகிதத்தை எடுத்துவிட்டால் இடைவெளி சரியாக அமையும். இன்னும் நெருங்கினால் மோட்டார் கொதிக்கும்; விலகினால் பற்கள் உதிரும். சிறு பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால் உச்ச வேகம் கூடும் என்பது உண்மை. கூடவே சூடும் கூடும் என்பதை வேகப் பித்தர்கள் மறந்துவிடுகிறார்கள். ஓடி வந்த மோட்டாரின் வெப்பம் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடை எட்டினால், பற்சக்கரத்தைச் சிறிதாக்குவதே விவேகம்.

வண்டியைப் பாதைக்கு ஏற்றபடி அமைப்பதில் முதல் மரியாதை டயருக்கே உரியது. உதிரி மண்ணுக்கு உயர்ந்த முள், கெட்டித்த களிமண்ணுக்குத் தாழ்ந்த முள், கம்பளத்துக்கு வேறு வகை. தவறான டயரைப் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்கை மாற்றுவது, கால் அளவுக்குப் பொருந்தாத செருப்பை விட்டுவிட்டு நடையைத் திருத்துவது போலத்தான்.

அடுத்தது தரைக்கும் வண்டிக்கும் உள்ள உயரம். வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து மேஜைமேல் போட்டு, அது தானாக அடங்கி நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுக்கோல்கள் தரைக்குச் சமமாக நிற்பது, ஆர்.சி.10 காலத்திலிருந்து பழகிவந்த நல்ல தொடக்கம். மேடுபள்ளம் ஜாஸ்தியானால் சற்று உயர்த்தலாம், கம்பளத்தில் தாழ்த்தலாம். சக்கரங்களின் மேல்விளிம்பு ஒன்றிரண்டு டிகிரி உட்சாய்ந்திருக்கட்டும். டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்தால் சாய்வு அதிகம் என்று அதுவே சொல்லிவிடும்.

ஷாக்குகளில் ஸிலிகோன் எண்ணெயை நிரப்பி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழிகளெல்லாம் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரனின் ஷாக்கில் எண்ணெயோடு காற்றும் குடியிருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இடது வலது ஷாக்குகளை முனையோடு முனை வைத்து அழுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சுருங்க வேண்டும். ஒன்று முந்தினால் வண்டி இடப்பக்க வளைவில் ஒரு குணமும் வலப்பக்க வளைவில் ஒரு குணமும் காட்டும். கட்டி எண்ணெய் சமமான பாதைக்கு. நீர்த்த எண்ணெய் கரடான பாதைக்கு. வெயில் ஏற ஏற எண்ணெய் இளகும். காலையில் சாதுவாயிருந்த வண்டி பிற்பகலில் துள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டும்போது வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளியே தள்ளுகிறதா? முன்பக்கப் பிடிப்புக் குறைவு. முன் ஸ்பிரிங்கை மெதுவாக்கலாம், அல்லது பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கலாம். பின்பக்கம் சுழன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? அப்படியே எதிர்மாறாகச் செய்க. எந்தப் பக்கம் மெத்தென்று இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பெரும்பாலும் பிடிப்பு அதிகம். இந்த ஒரு சூத்திரம் நினைவிலிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஆனால் மருந்து எத்தனை தெரிந்தாலும், ஒரு வேளைக்கு ஒரு மருந்துதான். இங்கேதான் புத்திசாலிகளே ஏமாந்துபோகிறார்கள். எண்ணெய், ஸ்பிரிங், சாய்வு, டயர் நான்கையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, வண்டி நன்றாக ஓடினால் எதனால் என்றும், கெட்டுப்போனால் எதனால் என்றும் தெரியாமல் விழிக்கிறார்கள். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், நோட்டுப் புத்தகத்தில் எழுது, பலனில்லையென்றால் பழையபடி வை. தேதி, பாதையின் ஈரம், டயர், எண்ணெய், சுற்றுக்கு ஆன நேரம் இவ்வளவும் இரண்டு வரியில் அடங்கும். வண்டி பழசாகிவிடும், அந்த நோட்டுப் புத்தகம் பழசாகாது.

இவ்வண்டியின் விசித்திரங்களில் ஒன்று, ஆகாயத்திலும் அதை ஓட்டலாம் என்பது. மேட்டிலிருந்து தாவிய வண்டியின் மூக்கு தாழ்ந்தால், விசையைக் கூட்டினால் போதும், மூக்கு உயரும். மூக்கு உயர்ந்தால் பிரேக்கைத் தொட்டாலே தாழும். சக்கரங்கள் முன்னோக்கிச் சுழலும் வேகம் கூடும்போது உடல் எதிர்ப்புறம் சுழல்கிறது; வேகம் தடைப்படும்போது சக்கரங்களின் சுழற்சி உடலுக்கு வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் படித்தபோது கொட்டாவி விட்ட பிள்ளை, இதை ஒரு நொடியில் கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் கற்றுக்கொண்டுவிடுகிறான்.

பந்தயம் முடிந்தபின் வேலை மிச்சம் இருக்கிறது. மண் காய்ந்ததும் தூரிகையால் தட்டிவிட வேண்டும். மின்சாரக் கருவிகளின்மேல் தண்ணீரைக் கொட்டுவது தகாது. ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பார்த்தால், கரகரவென்று முனகும் பேரிங் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். டயர் ஒட்டு விட்டிருக்கிறதா, மூட்டுகள் ஆடுகின்றனவா, ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியை மிச்சம் பிடித்தவன் அடுத்த பந்தயத்தில் ஐந்து நிமிஷத்தையும் இழப்பான்.

கடைசியாக, நமக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம். இப்பந்தயங்களில் தன் ஓட்டம் முடிந்ததும் ஒருவன் வீடு போய்விட முடியாது. அடுத்த கூட்டத்தார் ஓட்டும்போது பாதையோரம் நின்று, கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கி நிறுத்த வேண்டும். வென்றவனும் நிற்க வேண்டும்; தோற்றவனும் நிற்க வேண்டும். சற்று முன்பு தன்னை முந்திப்போனவனின் சிநேகிதன் வண்டியாயிருந்தாலும், ஓடிப்போய் நிமிர்த்தியே ஆகவேண்டும். மேடையில் நிற்பவனும், பிறன் கை தன் வண்டியின்மேல் இருக்கும்வரை விசையைத் தொடலாகாது. தொட்டால் கிழிவது அந்த விரல்.

பொம்மைக்கு இத்தனை பணமா என்று கேட்கும் பெரியவர்கள் ஒருநாள் பந்தயத்துக்குச் சென்று, ஓடும் வண்டிகளைவிடப் பாதையோரம் நிற்கும் பிள்ளைகளைக் கவனிக்கட்டும். விலை அதிகமா, குறைவா என்பதை அதற்குப் பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.