எனக்கு வெயில், அம்மாவுக்குக் குளிர்

“நீ கேமரன் மலைப் பெண்ணா? கொடுத்து வைத்தவள்!”

பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த நாள் முதல் இந்த மூன்று ஆண்டுகளில் இந்த வசனத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்பவர்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் மேலே வந்து, ஸ்ட்ராபெரி பறித்து, சுடச்சுட ஸ்டீம்போட் சாப்பிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கியவர்கள். “அந்தக் குளிரை விட்டுவிட்டு இந்தக் கோலாலம்பூர் வெயிலில் எப்படித்தான் இருக்கிறாயோ?” என்று எனக்காக இரக்கமும் படுவார்கள். அவர்கள் அனைவருக்கும் சேர்த்து இந்த ஆண்டிதழில் பதில் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வெயில்தான் பிடிக்கும்.

சிரிக்க வேண்டாம் நண்பர்களே. காரணங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் பிறந்து வளர்ந்த தானா ராத்தா, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது படித்த பாடம். அதனால் கீழே 33 பாகையில் ஊர் வெந்துகொண்டிருக்கும்போது மேலே 23 பாகையில் இதமாக இருக்கும். இரவில் 15 பாகைக்கும் இறங்கும். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேமரன் மலையில் 7.8 பாகை பதிவாகியிருக்கிறது. இரண்டு நாள் தங்குபவருக்கு இது சொர்க்கம். தோட்டத்து லயத்தில் குடியிருப்பவருக்கு?

அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் துணியைக் கட்டிக்கொள்வார். காலைப் பனியில் நனைந்த செடிகளுக்குள் நுழைந்தால், அதையும் மீறிப் பாவாடை நனைந்துவிடும். அவர் விரல் நுனிகள் எப்போதும் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கியிருக்கும். மழைக்காலத்தில் எங்கள் பள்ளிச் சீருடை மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காய வைப்பார்கள். புகை வாசத்தோடுதான் பள்ளிக்குப் போவோம். எல்லாரிடமும் அதே வாசம் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. தாத்தாவுக்கு மூச்சிரைப்பு. குளிர் கூடும் இரவுகளில் அவர் படுக்கமாட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பார்.

இப்படி வளர்ந்தவளுக்குக் கோலாலம்பூர் எப்படி இருந்திருக்கும்? காலையில் துவைத்த துணி மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. நினைத்த நேரத்தில் பச்சைத் தண்ணீரில் குளிக்கலாம். மலையில் எட்டு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவோம். இங்கே நள்ளிரவிலும் மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரே குடித்துக்கொண்டு உலக நடப்பைப் பேசலாம். வெயில் மனிதர்களை வீட்டுக்கு வெளியே வரவழைக்கிறது. குளிர் உள்ளே பூட்டி வைக்கிறது. இதுதான் என் கட்சி.

ஆனாலும் எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கக்கூடாது. 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவானது. 2016 ஏப்ரலில் எல் நினோ வெப்பத்தால் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று. நம் நாட்டு வெயிலில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால் வியர்வை காய்வதில்லை. உடம்பு தணிவதுமில்லை. நண்பகலில் சாலை போடுபவரிடமும் கட்டடம் கட்டுபவரிடமும் போய் வெயிலின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வெயில் பிடிக்கும் என்று சொல்லும் நான் உண்மையில் எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கிறேன்? விரிவுரை மண்டபம், நூலகம், இரயில், பேரங்காடி என்று எங்கே போனாலும் குளிர்சாதனம். மலையிலிருந்து கொண்டுவந்த கம்பளிச்சட்டையை நூலகத்தில்தான் அதிகம் அணிந்திருக்கிறேன்! நம்மைக் குளிர வைக்கும் அந்த இயந்திரம், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே நடப்பவர் முகத்தில் தள்ளிவிடுகிறது என்பதையும் நாம் நினைப்பதில்லை.

சென்ற ஆண்டுவரை எனக்கு இது வெறும் விடுதிப் பேச்சாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்ததும் அது வீட்டுப் பிரச்சினையாகிவிட்டது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைத் திருப்பித் தர வேண்டும். கிள்ளானில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கும் அண்ணன், “வயசான காலத்துல அந்தக் குளிருல எதுக்குக் கஷ்டப்படணும்? ரெண்டு பேரும் இங்க வந்துடட்டும்” என்றார். வெயில் கட்சிக்காரியான நான் உடனே தலையாட்டினேன்.

சோதனையாக இரண்டு வாரம் அழைத்து வந்தோம். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. முட்டிவலி குறைந்திருப்பதாகச் சொன்னார். விடியற்காலையில் எழுந்து நடக்கப் போனார். அம்மாவோ ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் படுத்திருந்தார். மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்கு, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்: “பாப்பா, இங்க எப்பதான் ராத்திரி ஆகும்?”

எனக்குச் சொல்லப் பதில் இல்லை. அவருக்கு இரவு என்றால் இருட்டு மட்டுமல்ல, குளிர்ந்து வரும் காற்றும்தான். அது வராதவரை அவருக்குப் பொழுது முடியவில்லை.

மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நாம் அறிவோம். அது கொடையா, கொடைமடமா என்று தமிழ் வகுப்பில் வாதிட்டிருக்கிறோம். அன்றிரவு எனக்கு வேறொன்று தோன்றியது. பேகன் தன் குளிரை வைத்து மயிலின் குளிரை அளந்தான். நானும் அண்ணனும் செய்தது அதுதானே? அன்பில் குறையில்லை. ஆனால் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், எங்கள் குடும்பத்தில் யாரையுமே யாரும் கேட்டதில்லை. சேலத்துப் பக்கம் வறண்ட சமவெளியிலிருந்து பூட்டனார் வந்தார். உனக்குக் குளிர் பிடிக்குமா என்று கேட்டுவிட்டா அவரை மலையேற்றினார்கள்? தாத்தாவையும் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. வேலை எங்கேயோ, வீடு அங்கே. வீடு எங்கேயோ, வானிலையும் அங்கே. இன்று அதே செடிகளில் கொழுந்தெடுக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளியும் சமவெளியிலிருந்து வந்து குளிரில் நடுங்குபவர்தான். ‘உனக்கு எது பிடிக்கும்?’ என்ற கேள்வி, தேர்ந்தெடுக்க வசதி இருப்பவரை நோக்கி மட்டுமே கேட்கப்படுகிறது. வெயிலா குளிரா என்று நாம் சிரித்துக்கொண்டே வாதிடுகிறோமே, அதுவே ஒரு பேறு.

நான்கு தலைமுறைகளில் முதன்முறையாக அந்தப் பேறு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதை அம்மாவின் கையிலிருந்து பறிக்க நான் யார்? எனவே கேட்டோம். அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, “ரிங்லெட்டுல ஒரு வீடு பார்க்கலாமா?” என்றார். தானா ராத்தாவைவிடத் தாழ்வான ஊர். அப்பாவின் முட்டிக்குக் கொஞ்சம் சூடு, அம்மாவின் இரவுக்குக் கொஞ்சம் குளிர். சேம நிதிப் பணத்தைக் கணக்குப் பார்த்து, ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அண்ணனுக்கு இன்னும் வருத்தம்தான்.

என் கருத்து மாறவில்லை. எனக்கு இன்றும் வெயில்தான் பிடிக்கும். ஆனால் பெற்றோரை எங்கே குடிவைப்பது என்று முடிவெடுக்கப் போகும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நம் உடம்பை அளவுகோலாக வைக்க வேண்டாம். போர்வையைக் கையில் எடுக்கும் முன், குளிருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.