‘ஆவணம் இல்லை’ என்பது பதில் ஆகாது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வரி மனப்பாடம்: ‘தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.’ எந்தப் பிரிவையும் சுட்டி எதையும் மறுப்பதாக அந்தக் கடிதத்தில் இருக்காது. கொடுக்க மனமிருக்கிறது, கையில்தான் இல்லை என்ற தொனியில் இருக்கும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தபாலில் அனுப்பி, 30 நாள் காத்திருந்தவர் அதைப் படித்துவிட்டு, இல்லாததை எப்படிக் கேட்பது என்று அத்தோடு விட்டுவிடுகிறார்.

அரசு அலுவலகங்கள் தரும் பதில்களில் மிகவும் கவலைக்குரியது இதுதான் என்பேன். ஒரு தகவலைத் தர முடியாது என்று வெளிப்படையாக மறுத்தால், எந்தப் பிரிவின் கீழ், என்ன காரணத்தால் மறுக்கிறோம் என்று பொதுத் தகவல் அலுவலர் எழுத்தில் சொல்ல வேண்டும். யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல் இத்தனை கடமைகளிலிருந்தும் அலுவலகத்தை விடுவித்துவிடுகிறது. கணக்கில் அது பதில் தரப்பட்ட மனு.

சென்னைப் புறநகரான பெருங்களத்தூரில் இந்தப் பதிலுக்கு இடம் கொடுக்கும் சூழல் மற்ற ஊர்களைவிட அதிகம். இரண்டு ஆண்டுகளுக்குள் இந்த ஊரின் நிர்வாகம் மூன்று முறை இடம் மாறியது. 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியானது. அதே ஆண்டு நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. வருவாய்ப் பதிவேடுகள் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஏரிக் கோப்புகள் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு, பேரூராட்சியின் மதிப்பீடுகளும் அளவுப் புத்தகங்களும் வரி கேட்புப் பதிவேடுகளும் மாநகராட்சிக்கு என்று எல்லாமே கைமாற வேண்டியிருந்தது. பேரூராட்சிகள் அதுவரை தனி இயக்ககத்தின் கீழ் இருந்தவை. அவற்றுக்கு மேலே இருந்த அலுவலகமும் மாறியது.

பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பீரோக்களில் இருந்த காகிதங்கள் எண்ணப்பட்டு, பட்டியலிடப்பட்டு, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கப்பட்டனவா என்பதுதான் குடிமக்கள் கேட்க வேண்டிய கேள்வி. அந்த ஒப்படைப்புப் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தால், ‘இங்கே இல்லை’ என்ற பதில் உண்மையா என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். பட்டியல் வெளியில் இல்லாதவரை அந்தப் பதிலைச் சோதிக்க வழியே கிடையாது.

இது ஏதோ காகிதப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் 2015ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பெருங்களத்தூரின் தாழ்வான தெருக்களிலும் படகு விட்டு மக்களை மீட்டார்கள். வெள்ளம் என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றித்தான் பேசினார்கள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோதும், செம்பரம்பாக்கத்தில் நீர் திறந்துவிடப்பட்ட முறை பற்றிய கண்டனமே தலைப்புச் செய்தியானது. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்வது அதற்கு மேலே, ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து வரும் தண்ணீர். பெரிய நீர்த்தேக்கத்துக்குத் தணிக்கையாளர் வருவார், ஆணையம் வரும், நீதிமன்றம் வரும். சின்ன ஏரிகளின் கலங்கலும் வாய்க்காலும் யார் கண்ணிலும் படுவதில்லை. அவற்றின் பழைய அகலம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, தூர்வார எந்த ஆண்டு எவ்வளவு செலவானது என்று கேட்க அந்தத் தெருவில் குடியிருப்பவரை விட்டால் ஆளில்லை. அவர் கையில் இருக்கும் ஒரே கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அதே பகுதிகளில் மறுபடி தண்ணீர் நின்றபோது, முந்தைய எட்டு ஆண்டுகளில் என்னென்ன பணி நடந்தது என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டியவரும் அவர்தான்.

அவர் கேட்டுப் பார்க்கட்டும். பீர்க்கன்காரணை ஏரியின் உபரிநீர் போகும் வழி வேண்டும் என்று ஒரு மனு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஏரி என்றால் நீர்வளத் துறையைக் கேட்கச் சொல்வார்கள். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலம் நெடுஞ்சாலைக்குச் சேரும். தண்டவாளத்துக்கு அடியில் உள்ளது ரயில்வேக்கு. வாய்க்கால் புறம்போக்கின் அளவும் புல வரைபடமும் வருவாய்த் துறையில் இருக்கும். அருகிலுள்ள மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தந்த கோப்பு சி.எம்.டி.ஏ.வில் இருக்கலாம். தண்ணீர் ஓடுவது ஒரே வாய்க்காலில்தான். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் மனுவை அங்கே அனுப்பிவைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 6(3) பிரிவு. குடிமகன் அலையக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட நல்ல ஏற்பாடு அது. நடைமுறையில் அனுப்பியதோடு பொறுப்பு முடிந்தது என்று ஆகிவிடுகிறது. அனுப்பப்பட்ட இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மனு போகிறது. அங்கிருந்து ‘பராமரிக்கப்படவில்லை’ என்ற கடிதம் வருகிறது.

பெருங்களத்தூர் ரயில்வே மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையும் தென்னக ரயில்வேயும் சேர்ந்து எடுத்த பணி. ஒரே நாளில் திறக்கப்படவில்லை. ஒவ்வொரு கிளையாகத் திறந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் தேடும் ஒருவர் மாநில அரசுக்கு ஒரு மனுவும் ரயில்வேக்கு ஒரு மனுவும் போட வேண்டும். இரண்டிலும் பதில் சரியில்லை என்றால், ஒன்றின் இரண்டாம் மேல்முறையீடு சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. மற்றது புது தில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. ஒரே பாலத்தின் கோப்புக்கு இரண்டு ஆணையங்கள்!

அலுவலர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பொதுத் தகவல் அலுவலர் என்பது தனிப் பதவி இல்லை. தன் வழக்கமான வேலையோடு இதையும் சேர்த்துப் பார்ப்பவர் அவர். மனுப் போடுவதையே மிரட்டலுக்குக் கருவியாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சட்டமும் அலுவலர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பைச் சொன்னது: கையில் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், சட்டப்படி பராமரிக்க வேண்டியிராத தகவலைப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டியதில்லை. ‘ஏன் செய்யவில்லை’ என்று விளக்கம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று அதற்கு முன்பே, 2008இல், மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வும் சொல்லியிருக்கிறது. இரண்டுமே நியாயமான வரம்புகள்.

பிரச்சினை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதில் இருக்கிறது. பராமரிக்க வேண்டிய கடமையே இல்லாத தகவல் ஒன்று. பராமரிக்க வேண்டியதைப் பராமரிக்காமல் விட்டது இன்னொன்று. ஒரு வடிகால் கட்டினால் அதற்கு மதிப்பீடு உண்டு, ஒப்பந்தப்புள்ளி உண்டு, பணி ஆணை உண்டு, அளவுப் புத்தகம் உண்டு. அளவுப் புத்தகத்தில் பதியாமல் ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்திருக்க முடியாது. இந்தக் காகிதங்கள் இல்லை என்றால், ஒன்று பணி நடக்கவில்லை, அல்லது ஆவணம் தொலைந்திருக்கிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, எல்லா ஆவணங்களையும் முறையாகப் பட்டியலிட்டு, எளிதில் தேடி எடுக்கும்படி வைத்திருப்பதைப் பொது அதிகார அமைப்புகளின் கடமையாக்குகிறது. மனு வந்த பிறகு தொடங்கும் கடமை இல்லை இது. 19(8) பிரிவின் கீழ், ஆவணங்களைப் பராமரிப்பது, நிர்வகிப்பது, அழிப்பது ஆகியவற்றில் என்னென்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று ஆணையம் உத்தரவிடலாம். மனுதாரருக்கு இழப்பீடு தரவும் சொல்லலாம். கேட்கப்பட்ட தகவலை அழித்தவருக்கு 20ஆம் பிரிவு தண்டம் விதிக்கிறது. தில்லி உயர் நீதிமன்றம் 2013 செப்டம்பரில் விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கியது. ஒரு காலத்தில் இருந்த ஆவணம் இப்போது கிடைக்கவில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. முழுமையாகத் தேட வேண்டும், தேடியும் கிடைக்கவில்லை என்றால் விசாரணை நடத்திப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும், அப்படிச் செய்யச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. விலக்குகளைப் பட்டியலிடும் சட்டத்தின் 8ஆம் பிரிவில் ‘கோப்பு காணவில்லை’ என்று ஒரு விலக்கு கிடையாது.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் தகவல் ஆணைய விசாரணைகள் பெரும்பாலும் தாமதத்தைச் சுற்றியே நிற்கின்றன. எத்தனை நாள் கழித்துப் பதில் தந்தீர்கள், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் தண்டம் போடலாமா, உச்சவரம்பு 25,000 ரூபாய் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காலத்தில் வந்த ‘இல்லை’ என்ற கடிதம் அங்கே தேர்வாகிவிடுகிறது.

இந்த உரிமையை முதலில் சட்டமாக்கிய மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுவதற்குமான சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1997இல், இங்கே தகவல் உரிமைச் சட்டம் இருந்தது. ஓட்டைகள் நிறைந்த சட்டம் என்றாலும் முதல் சட்டம். அந்தப் பெருமைக்குப் பிறகு நடந்தவை எல்லாம் பெருமைப்படத்தக்கவை என்று சொல்ல முடியவில்லை. 2008இல் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்குநரகத்துக்கு மாநில அரசு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியது. காரணம் கேட்கக் கூடாது என்று சட்டத்தின் 6(2) பிரிவு வெளிப்படையாகச் சொல்லியிருப்பது சுட்டிக்காட்டப்பட்ட பிறகு, சில நாள்களிலேயே அந்தப் பகுதியை நீதிபதிகள் தாங்களாகவே நீக்கிவிட்டார்கள். தவறைத் திருத்திக்கொண்ட அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ‘உனக்கு எதற்கு இது?’ என்ற கேள்வியை மட்டும் அலுவலக மேசைகளில் இன்றும் கேட்கிறோம்.

இப்போது புதிதாக ஒரு கதவும் மூடப்பட்டிருக்கிறது. தனிநபர் தகவல்களை மறுக்கும் 8(1)(ஒ) பிரிவில், பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாதவை, தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடுபவை என்றெல்லாம் முன்பு நிபந்தனைகள் இருந்தன. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் செய்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததும் அவை போய்விட்டன. ‘தனிநபர் தகவல்’ என்று சொன்னாலே மறுத்துவிடலாம். ஏரிப் புறம்போக்கில் யார் பெயரில் பட்டா ஏறியது, எந்த ஒப்பந்ததாரர், எந்தப் பொறியாளர் கையெழுத்திட்டார் என்று கேட்பவருக்கு இனி இந்தப் பதிலும் வரக்கூடும். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் மிச்சம் இருக்கிறது. மனுவிலேயே அந்தப் பொதுநலனை எழுதிவிடுவது நல்லது.

தாம்பரம் மாநகராட்சி நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. பத்து உள்ளாட்சிகளிடமிருந்து 2021 நவம்பரில் என்னென்ன ஆவணங்கள் பெறப்பட்டன என்ற பட்டியலை, உள்ளாட்சி வாரியாக, ஆண்டு வாரியாக, இணையத்திலும் ஐந்து மண்டல அலுவலகங்களிலும் வையுங்கள். வராதவை எவை என்பதும் அதில் இருக்கட்டும். வடிகால் பணி ஒவ்வொன்றின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகப் பக்கங்களையும் பணி முடிந்ததும் தாமாகவே வெளியிடுங்கள். யாரும் கேட்காமலே வெளியிடுவதைத்தான் சட்டத்தின் 4ஆம் பிரிவு எதிர்பார்க்கிறது. மனுக்களும் குறையும், அலுவலர்களின் சுமையும் குறையும்.

பெருங்களத்தூரில் மனுப் போடும் நண்பர்களுக்கு: ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், கடிதப் போக்குவரத்தின் நகலைக் கேளுங்கள். பணியை நேரில் பார்வையிடவும், போட்ட கான்கிரீட்டின் மாதிரியைச் சான்றோடு எடுத்துக்கொள்ளவும் 2(ஒ) பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. ஆவணம் இல்லை என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். அது கடைசியாக எந்தப் பதிவேட்டில் இருந்தது, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பு ஆணை எங்கே என்று கேட்டு, கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.