கலங்கிய டம்ளரைக் கண்டு மிரளாதீர்கள்!



வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? என் அனுபவத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில். குழாயில் மேட்டூர் காவிரித் தண்ணீர் வரும். வராத நாளில் போர் தண்ணீர்தான். அதில் துவரம் பருப்பு லேசில் வேகாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். பக்கத்திலேயே சுண்ணாம்புக் கரட்டில் மாக்னசைட் வெட்டியெடுக்கிற ஊர், கேட்கவா வேணும்!

சென்ற வருடம் ஆர்.ஓ. மெஷின் விற்க ஒருவர் வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் காவிரித் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டு வந்த ஃபில்டர் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி கலங்கிப் போச்சு! அவருடையது அப்படியே இருந்தது. "இதைத்தான் அக்கா உங்க பிள்ளைங்க குடிக்கிறாங்க" என்றார். மாமியார் பதறிப் போனார். மகளின் காலேஜ் செலவுக்கென்று சேர்த்த சீட்டுப் பணம் 15,000 ரூபாயை எடுத்துக் கொடுத்து விட்டேன்.

மாமனார் அன்று ஊரில் இல்லை. அவர் முன்பு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். இன்றும் பின்கட்டு அறையை டார்க் ரூம் ஆக்கி, கறுப்பு வெள்ளைப் படம் கழுவுவார். மெஷின் மாட்ட வந்தவரிடம், "தம்பி, உங்க ஃபில்டர் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டு அதே கம்பியை விடுங்க" என்றார். அதுவும் கலங்கியது! "உப்புலயா அழுக்கு இருந்துச்சு? உன் இரும்புக் கம்பிதான் துருப்பிடிச்சுக் கரையுது. உப்பு கலந்த தண்ணியில கரண்ட் நல்லாப் பாயும், அவ்வளவுதான்" என்றார். அந்தப் பையன் தலையைக் குனிந்து கொண்டான். ஆனால் கொடுத்த பணம் திரும்பவில்லை.

பிறகு மாமனார் டி.டி.எஸ். பேனா வாங்கி வந்து அளந்தார். காவிரித் தண்ணீர் 290. போர் தண்ணீர் 1,140. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை. 500-க்குக் குறைவான இடத்தில் ஆர்.ஓ. வேண்டாம் என்று 2019-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடிக்க மூன்று குடம் வரை சாக்கடைக்குப் போகிறதே! காவிரித் தண்ணீரை இப்படியா வீணாக்குவது?

"எந்த வேலைக்கு எந்தத் தண்ணின்னு பார்க்கணும்மா" என்றார் மாமனார். டெவலப்பர் கலக்கவும், கடைசியாக நெகட்டிவ் அலசவும் மட்டும் அவருக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். நடுவில் கழுவுவதற்கு சாதாரணத் தண்ணீரே போதுமாம்.

அதன்படி மெஷினை போர் குழாய்க்கு மாற்றினோம். காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். அது வராத நாளில் மட்டும் மெஷின் ஓடும். அதிலேயே மாமனாருக்கும் ஒரு கேன் பிடித்து வைப்பேன். கழிவுத் தண்ணீரை பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக் கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். டி.டி.எஸ். பேனா உப்பைத்தான் காட்டும். கிருமியைக் காட்டாது, ஃப்ளோரைடையும் காட்டாது. சேலம், தர்மபுரி பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு உள்ள ஊர்கள் உண்டு. பிள்ளைகளின் பல்லில் கறை படியும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் கெடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அங்கெல்லாம் ஆர்.ஓ. அவசியம்தான்.

அதனால் மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் காட்டும் வித்தையை நம்பாமல், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். பரிசோதனை முதலில், பணம் பிறகு! பயத்தில் அவிழ்க்கும் சுருக்குப் பை நம்முடையதுதானே, தோழிகளே?

— ஒரு வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம் - 16.